"சீட் கேரண்டி" என்று சொல்லும் அட்மிஷன் ஆலோசகரிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் பிள்ளைக்கு இடம் வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் ஆலோசனை நிறுவனம் ஒன்றிடம் பெரிய தொகையை இழந்திருக்கிறோம். விவகாரம் இன்னும் முடியாததால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லலாம். இதே பாணியில் யாராவது உங்களிடம் பேசினால் உஷாராகிவிடுங்கள்.

முதல் சந்திப்பில் என் மகளைப் பற்றி அதிகம் விசாரிக்கவில்லை. மதிப்பெண்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "ரொம்ப லேட்டா வந்திருக்கீங்க சார், மத்தவங்க எட்டாவதுலேயே ஆரம்பிச்சுடுறாங்க" என்றார் ஆலோசகர். அப்புறம் என் வேலை, மனைவியின் வேலை, நண்பர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்டார். நாங்கள் சொன்னதைக் குறித்தும் வைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு கூடுதல் கட்டணம் வரும்போதும் அந்தப் பிள்ளைகளை இழுத்துவிடுவார். ஆராய்ச்சிக் கட்டுரை போட ஒரு கட்டணம், கோடைக்கால முகாமுக்கு ஒரு கட்டணம். கொஞ்சம் தயங்கினால் போதும், "உங்க ஃப்ரெண்டு பையன் ப்ரொஃபைல்ல இதெல்லாம் இருந்துதே சார்" என்பார். சொந்தக்காரர்கள் சும்மா கேட்கிற கேள்வியை இவர்கள் ரசீது போட்டுக் கேட்கிறார்கள்.

கேரண்டிக்கு வருகிறேன். பேச்சில் அடிபட்டதெல்லாம் ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும்தான். 2024-ல் சேர்ந்த வகுப்புக்கு ஹார்வர்டில் விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாகவே இடம் கிடைத்தது. அதில் வெளியாள் ஒருவர் என்ன உத்தரவாதம் தர முடியும்? "பட்டியலில் உள்ள கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் பணம் வாபஸ்" என்பதுதான் வாக்குறுதி. அந்தப் பட்டியலோ பணம் கட்டிய பிறகுதான் மின்னஞ்சலில் வந்தது. மேலே ஹார்வர்ட். கீழே போகப் போக, விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோரைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள். அவற்றில் ஏதாவது ஒன்று சரி என்றாலே வாக்கைக் காப்பாற்றிவிட்டார்களாம். யாருக்கும் இடம் கிடைக்கும் கல்லூரியில் என் மகளுக்கு இடம் கிடைக்க இவர்கள் எதற்கு?

அடுத்தது 'எர்லி டிசிஷன்', அதாவது முன்கூட்டியே விண்ணப்பித்து முன்கூட்டியே முடிவு வாங்குவது. ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும் இப்படி விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கேயே சேர்ந்தாக வேண்டும். மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரி தரும் நிதியுதவி போதாது என்றால்தான் பொதுவாக விடுவிப்பார்கள். எங்கள் ஆலோசகர், மகளுக்குத் துளியும் விருப்பமில்லாத, பட்டியலின் நடுவில் இருந்த ஒரு கல்லூரிக்கு இப்படிப் போடச் சொல்லி நச்சரித்தார். கூடவே, நிதியுதவி வேண்டாம் என்று குறிக்கவும் சொன்னார். இதில் ஒரு பாதி உண்மை உண்டு: வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால் பல கல்லூரிகளில் வாய்ப்புக் குறையும். ஆனால் விண்ணப்பத்தில் வேண்டாம் என்றுவிட்டால், பல இடங்களில் பிறகு கேட்க முடியாது என்பதை அவர் சொல்லவே இல்லை. உதவியே கேட்காதவர், உதவி போதவில்லை என்று எப்படி வெளியே வருவது? எர்லி டிசிஷன் முடிவு வரும் டிசம்பரிலேயே அவர்கள் கணக்கு முடிந்துவிடும், நான்கு வருடக் கட்டணம் நம் தலையில்.

கட்டுரை விஷயத்தில்தான் எல்லாம் உடைந்தது. பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் 'காமன் ஆப்' என்ற இணையதளத்தில் 650 சொற்களுக்குள் மாணவர் தன்னைப் பற்றி எழுத வேண்டும். மகள் எழுதிக் கொடுத்ததை "எடிட்" செய்து அனுப்பினார்கள். அவள் எழுதிய வரி ஒன்றுகூட அதில் மிஞ்சவில்லை. பாட்டியின் மரணத்துக்குப் பிறகு அவர் விட்டுச்சென்ற தையல் இயந்திரத்தில் வாழ்க்கையைக் கற்றுக்கொண்டதாக ஒரு கதை. மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, பாட்டி உள்ளேதானே தூங்குறாங்க?" என்றாள். எங்கள் வீட்டில் தையல் இயந்திரமும் கிடையாது. எழுதியது தன் சொந்த எழுத்து, சொன்னதெல்லாம் உண்மை என்று விண்ணப்பத்தில் உறுதி தருவது மாணவர்தான். பொய் தெரிந்தால் கொடுத்த இடத்தையே ரத்து செய்வார்கள். ஆலோசகர் பெயர் எங்கும் இருக்காது.

நான் சத்தம் போட்டதும் குரல் மாறியது. "எங்களுக்கு உள்ளே ஆள் இருக்கு, வேற வழியும் பார்க்கலாம்" என்றார். இந்த வார்த்தையைக் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். இப்படித்தான் அமெரிக்காவில் ரிக் சிங்கர் என்ற ஆலோசகர் "பக்கவாட்டுக் கதவு" என்று சொல்லி, பயிற்சியாளர்களுக்கு லஞ்சம் கொடுத்து, பிள்ளைகளைப் பொய்யாக விளையாட்டு வீரர்களாகக் காட்டி உள்ளே அனுப்பினார். 2019-ல் வழக்கு வெடித்தது, 2023-ல் அவருக்கு மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை. பணம் கொடுத்த பெற்றோரிலும் பலர் சிறைக்குப் போனார்கள்.

நாங்கள் விலகிவிட்டோம். "சேவை வழங்கப்பட்டுவிட்டது" என்று சொல்லி ஒரு காசும் திருப்பித் தரவில்லை. மகள் தன் கட்டுரையைத் தானே எழுதி விண்ணப்பித்தாள். எங்கே சேர்ந்தாள் என்று கேட்காதீர்கள், அதை வைத்து எடை போடுகிற பழக்கத்தில்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது.

இவர்கள் 'ரகசியம்' என்று விற்பதில் பாதி இலவசமாகவே கிடைக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் எஜுகேஷன்யுஎஸ்ஏ மையங்களில் ஆலோசனை கேட்கலாம். மதிப்பெண், கட்டுரை, குடும்பத்தில் யாராவது அங்கே படித்திருப்பது ஆகியவற்றுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதைப் பல கல்லூரிகள் 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தில் வருடாவருடம் வெளியிடுகின்றன. நல்ல ஆலோசகர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் சீட்டுக்கு உத்தரவாதம் தர மாட்டார்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் கல்லூரிப் பட்டியலையும் வாபஸ் விதிகளையும் இன்றே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல் அவர்களிடம் இருந்தால் உடனே மாற்றுங்கள். வாட்ஸ்அப் உரையாடல், குரல் செய்தி, அவர்கள் திருத்தி அனுப்பிய கட்டுரைகள் எதையும் அழிக்காதீர்கள். எங்கள் புகாருக்கு இப்போது ஆதாரமாக இருப்பது அவைதான்.