கட்டம் போட்ட நோட்டா, ரீப்பரா?

வில்லிசையோடு வயலின், பேஸ் கிட்டார் எல்லாம் சேர்த்துப் பாட்டு போடலாம் என்று கிளம்புகிற நெல்லைப் பக்கத்துப் பசங்களுக்கு முதல் குழப்பமே, மனசில் ஓடுவதை எதில் பதிந்து வைப்பது என்பதுதான்.

தாமிரபரணிக் குறுக்குத்துறையில் குளித்துக்கொண்டிருக்கும்போது மெட்டு வந்தால் கரையேறிப் போனில் முனகி வைப்பதை விட வேகமான வழி இல்லை. ஆனால் அதில் ஒரு குரல்தான் நிற்கும். ராகத்தையும் தாளத்தையும் முதலிலேயே வாயால் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதம் எந்த ஃபைலில் என்ன இருக்கிறது என்று தேடியே பொழுது போய்விடும்.

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வாத்தியமாகப் பதிந்து பாட்டைக் கோக்கிற ரீப்பர் மென்பொருள் வேறு ரகம். 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம், போட்டதும் கேட்கலாம், சரணத்தை அப்படியே தூக்கி முன்னால் வைக்கலாம். சிக்கல் என்னவென்றால், திரும்பத் திரும்ப ஓடுகிற நாலு பார் லூப் நன்றாக ஒலித்ததும் அதன் மேலேயே ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போவோம், கடைசியில் எல்லா வாத்தியமும் எல்லா நேரமும் கத்தும். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அழுத்தி அழுத்திச் சுருதியை வளைப்பார்களே, ஏற்கெனவே பதிந்து வைத்த ரெடிமேட் சாம்பிள் ஒலியில் அது வராது, அதனால் சாம்பிளுக்குத் தக்கபடி பாட்டையே மாற்றிவிடுவோம்.

என் ஓட்டு கட்டம் போட்ட கணக்கு நோட்டுக்கு. இடப்பக்கம் மேலிருந்து கீழாக வில், உடுக்கை, குடம், ஜால்ரா, வயலின், பேஸ். மேலே இடமிருந்து வலமாக ஒரு கட்டத்துக்கு ஓர் ஆதிதாள ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, எட்டு அட்சரம் (தாள எண்ணிக்கை). நிமிஷத்துக்கு 96 அட்சர வேகத்தில் 16 கட்டம் என்றால் 80 விநாடி, பாட்டு எவ்வளவு நீளம் என்று அங்கேயே தெரிந்துவிடும். பென்சிலால் நிரப்புங்கள், அப்புறம் வெறும் கட்டங்களைப் பாருங்கள். குடமும் பேஸும் ஒரே இடத்தில் நிரம்பியிருந்தால் கனத்த கீழ் ஒலி குழம்பும், ஒன்றை அழித்துவிடலாம். கோயில் கொடை விழாவில் கவனித்திருப்பீர்கள், புலவர் கதை சொல்லும்போது வாத்தியம் அடங்கி, பாட்டு தொடங்கியதும்தான் எல்லாம் சேர்ந்து எழும். அந்த இடைவெளியை லூப்பில் யாரும் யோசிப்பதில்லை, கட்டத்தில் கண்ணை உறுத்தும்.

இசைக்குறிப்பு எழுதுகிற மியூஸ்கோர் மென்பொருள் இலவசம்தான், ஆனால் ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கிற வயலின்காரருக்கு மட்டும் போதும்.

ஆக, போனில் மெட்டு, நோட்டில் கட்டம், அதற்கப்புறம்தான் ரீப்பர். கட்டத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டால், எங்கே கையை எடுக்க வேண்டும் என்று குடம் அடிக்கிற அண்ணாச்சியும் ஒத்திகைக்கு வரும்போதே பார்த்துவிட்டு வந்திருப்பார்.