பழைய கணினியைக் கைமாற்றும் முன்: தரவை அழிக்கும் வழிகளில் எது எதற்குப் பொருந்தும்?

செட்டிநாட்டில் பழைய அலமாரியை விற்பவர்கள் அதன் இழுப்பறைகளை ஒன்றுக்கு இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டே கொடுப்பார்கள். உள்ளே ஒரு பத்திரம் தங்கிவிட்டால் அது காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடை வழியாக யார் கைக்கோ போய்விடும் என்பது தெரிந்ததுதான். கணினியைப் பழைய இரும்புக் கடையில் போடும்போது மட்டும் அந்தக் கவனம் வருவதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால், எங்கள் வீட்டிலும் அப்பச்சியின் இரண்டு கணினிகளைக் கைமாற்ற வேண்டி வந்தது. ஒன்று 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க் உள்ள மேசைக் கணினி. மற்றொன்று எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிஸ்க்) உள்ள மடிக்கணினி. வீட்டுப் பங்குப் பத்திரங்களின் நகல்கள், பங்காளிகளின் ஆதார், பான் அட்டைகள், சிங்கப்பூர் உறவினர்களின் பாஸ்போர்ட் படங்கள், கோயில் புள்ளி வரிக் கணக்கு என்று அவற்றில் இருந்தவற்றில் பெரும்பகுதி பிறர் நம்பிக் கொடுத்தவை. ஆகவே ஒவ்வொரு வழியையும் நிறுத்துப் பார்த்தே முடிவு செய்தேன்.

டெலீட் செய்து குப்பைத்தொட்டியைக் காலி செய்வதையும் குவிக் ஃபார்மட்டையும் அழிப்பு என்றே சொல்லக்கூடாது. பேரேட்டின் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டு ஏட்டை அப்படியே கொடுப்பது போன்றது அது. ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளே ஹார்ட் டிஸ்க்கில் அந்தப் பக்கங்களை மீட்டுவிடும்.

சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு நான் முதலிடம் தருவது மேலெழுதுதலுக்கு. டிஸ்க் முழுவதும் பூச்சியத்தை நிரப்பிவிட்டால் பழைய எழுத்து போய்விடும். எத்தனை முறை என்பதில்தான் தேவையற்ற அச்சம் நிலவுகிறது. கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் 1996-இல் எழுதிய, 35 முறை மேலெழுதும் கணக்கு அக்காலத்துப் பல்வேறு பதிவு முறைகளை மனத்தில் வைத்தது. இன்றைய டிஸ்க்குகளுக்கு அது பொருந்தாது என்று பின்னர் அவரே விளக்கியிருக்கிறார். தரவு அழிப்புக்கான அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தின் 800-88 வழிகாட்டியும் பொதுவாக ஒரு முறை போதும் என்கிறது. யூஎஸ்பியிலிருந்து இயங்கும் ஷ்ரெட்ஓஎஸ் என்ற இலவச அழிப்பு மென்பொருள் இதற்கு ஏற்றது. 1 டெராபைட்டுக்கு எப்படியும் மூன்று நான்கு மணி நேரமாகும் என்பதால், மின்தடை வராத நாளாகப் பார்த்துத் தொடங்குவது நல்லது. பழுதாகி ஒதுக்கப்பட்ட செக்டர்களை (டிஸ்க்கின் சிறு பகுதிகளை) மேலெழுதுதல் தொடாது என்பது இதன் குறை.

இதே வழியை எஸ்எஸ்டிக்கும் பயன்படுத்தலாம் என்று நினைப்பதே பலரும் செய்யும் பிழை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் சில்லு தேய்ந்துவிடும் என்பதால், எஸ்எஸ்டியின் கட்டுப்பாட்டுச் சில்லு ஒவ்வொரு முறையும் எழுத்தை வேறு இடத்துக்கு அனுப்புகிறது. அது போக, கணினியின் கண்ணுக்கே தெரியாத ஒரு கூடுதல் இடமும் உள்ளே உண்டு. நாம் மேலெழுதிவிட்டதாக நம்பும் கோப்பு அங்கே அப்படியே கிடக்கலாம். அதற்கு உரிய வழி, டிஸ்க்கின் உள்ளேயே இருக்கும் அழிப்புக் கட்டளை: சாட்டா என்ற பழைய இணைப்பு வகைக்கு செக்யூர் இரேஸ், என்விஎம்இ என்ற புதிய, வேகமான வகைக்கு சானிடைஸ். பெரும்பாலும் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். ஆனால் சாட்டா டிஸ்க்கில் இந்தக் கட்டளையைப் பல கணினிகளின் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) முடக்கி வைத்திருக்கும். கணினியைத் தூக்க நிலைக்கு அனுப்பி எழுப்பினால் பெரும்பாலும் விடுபடும். இடையில் மின்சாரம் போனால் டிஸ்க் கடவுச்சொல்லோடு பூட்டிக்கொள்ளவும் கூடும்.

இந்தக் கட்டளையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியவில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ ஆய்வாளர்கள் 2011-இல் சோதித்தபோது, ஓர் எஸ்எஸ்டி வேலை முடிந்ததாக அறிவித்த பின்னும் தரவு முழுவதும் உள்ளே இருந்தது. ஆகவே மடிக்கணினிக்கு நான் இரட்டை வழியை எடுத்தேன்: முதலில் விண்டோஸில் உள்ள பிட்லாக்கரால், காலியிடம் உட்பட, முழு டிஸ்க்கையும் மறையாக்கம் செய்தேன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றினேன்); அதன் பின் அழிப்புக் கட்டளை கொடுத்தேன். கட்டளை பொய்த்தாலும் மிஞ்சுவதில் பெரும்பகுதி சாவி இல்லாத பூட்டாகவே இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்ட மீட்புச் சாவியையும் மறக்காமல் நீக்க வேண்டும். மறையாக்கத்தை மட்டும், அதுவும் விற்கும் நாளில் செய்வது குறைவான காப்பு. முன்பே மறையாக்கமின்றி எழுதப்பட்டவை அந்தக் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் இடத்தில் தங்கியிருக்கலாம். வாங்கிய அன்றே செய்திருந்தால் அது இவை எல்லாவற்றையும் விட எளிய வழியாக இருந்திருக்கும்.

சுத்தியலால் உடைப்பதை நான் கடைசியில் வைக்கிறேன். இயங்காத டிஸ்க்குக்கு வீட்டில் அதைத் தவிர வேறு வழியில்லை. இயங்கும் டிஸ்க்கை உடைப்பது இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குப் பயன்படக்கூடியதை வீணாக்குவதாகும். மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்குகளின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி என்பதால் சிதறும். கண் காப்பு இல்லாமல் தொடக்கூடாது. எஸ்எஸ்டியில் ஒரு துளை போதாது, ஒவ்வொரு சில்லும் உடைய வேண்டும். காந்தத்தால் எஸ்எஸ்டிக்கு எதுவும் ஆகாது.

அழித்த பின் இரண்டு டிஸ்க்குகளிலும் ஃபோட்டோரெக்கை ஓடவிட்டேன். ஒரு கோப்பும் வரவில்லை. மேசைக் கணினியில் லினக்ஸ் போட்டு, பள்ளத்தூரில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்குக் கொடுத்தோம்.