முகத்துவாரம் தாண்டும் போட்: ஒன்பது வருடம் ஓட்டிய பிறகு

23 அடி பைபர் போட் ஒன்றை நாங்கள் 2016 சித்திரைக்குப் பிறகு வாங்கினோம். இப்போது ஒன்பது கச்சானும் (தென்மேற்குக் காற்றுக்காலம்) ஒன்பது வாடையும் (வடகிழக்குக் காற்றுக்காலம்) அதில் ஓடிவிட்டன. அப்பாவும் தம்பியும் மட்டக்களப்பில் கடல் தொழில். நான் கந்தோர் (அலுவலக) வேலை, சனி ஞாயிறில் மட்டும் அவர்களோடு போவேன். பிள்ளைகளை ஆற்றில் சுற்றிக் காட்டுவதும் இதே போட்டில்தான். வீட்டுக்கு ஒரே போட், தொழிலுக்கும் அதுவே, குடும்பத்துக்கும் அதுவே. அதனால்தான் இதை எழுதுகிறேன். புதிதாக போட் எடுக்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன எஞ்சின் போட்டிருக்கிறீர்கள்?" அந்தக் கேள்வியை இரண்டாவதாகக் கேளுங்கள் என்பதுதான் என் பதில்.

சுனாமிக்கு முன் எங்களிடம் இருந்தது மரத்தோணி. 2004 மார்கழி 26 இல் தோணியும் போனது, கரையில் இருந்த வாடியும் (மீனவர் குடிசை) போனது. 2005 இல் உதவியாக ஒரு சின்ன பைபர் போட் கிடைத்தது. தந்தவர்கள் நல்ல மனதோடுதான் தந்தார்கள், அதை மறக்கமாட்டோம். ஆனால் அந்த நாட்களில் கரை முழுக்க அவசரம், போட்டுகளும் அவசரமாகவே கட்டப்பட்டன. அலையில் ஓடும்போது அந்தப் போட்டின் அடித்தட்டு காலுக்குக் கீழே தகரம் மாதிரி அதிரும். இரண்டாவது வருடம் ஏராக்கட்டைக்கு (அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்புக் கட்டை) பக்கத்தில் வெடிப்பு விட்டது. திருத்துவதற்காக அணியத்தில் (போட்டின் முன்பக்கம்) மூடியிருந்த அறையை வெட்டித் திறந்தோம். மிதப்பதற்கு உள்ளே போம் (நுரைக்கட்டி) இருக்கிறது என்று அதுவரை நம்பியிருந்தோம். ஒன்றும் இல்லை. வெறும் காற்றும், அடியில் கொஞ்சம் கறுத்த தண்ணீரும்தான். அறை வெடித்திருந்தால் அந்தப் போட் கல் மாதிரிப் போயிருக்கும். அப்பா அந்த ஓட்டையைப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தார்.

ஆகவே 2016 இல் காசு சேர்ந்தபோது நான் 40 குதிரை வலு எஞ்சின் விளம்பரம் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்ட, அவர் சொன்னது இதுதான்: "எஞ்சினைப் பிறகு பாப்பம் மனே. முதல்ல போட்டுர உடம்பைப் பாரு."

போட்டின் உடம்பை எப்படிப் பார்ப்பது? பெயின்ற் பளபளப்பைப் பார்த்து ஒன்றும் தெரியாது. நாங்கள் மூன்று இடங்களுக்குப் போனோம். கவிழ்த்து வைத்திருந்த போட்டின் அடியில், இரண்டு வங்குகளுக்கு (விலா மாதிரிக் குறுக்கே போகும் கட்டைகள்) நடுவில், அப்பா உள்ளங்கையை வைத்து முழு எடையையும் கொடுத்து அமுக்குவார். உள்ளே போய்த் திரும்பி வந்தால் அந்தப் போட் வேண்டாம். பிறகு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். ஒரே மாதிரி "டக் டக்" என்று வரவேண்டும். எங்காவது சத்தம் மங்கினால், உள்ளே கண்ணாடி நார்ப் பாய்க்கும் அடுத்த பாய்க்கும் நடுவில் றெசின் பிடிக்கவில்லை, அல்லது காற்று நிற்கிறது.

கடைசியில் தெரிந்தெடுத்த இடத்தில் ஒரு விடயம் நடந்தது. பின்பக்கம் தண்ணீர் வடிய ஒரு துளை போடுவார்கள். அப்போது விழுகிற வட்டத் துண்டை அப்பா குனிந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வீட்டில் அடிமட்டம் வைத்து அளந்தோம், 8 மில்லிமீற்றர். பழைய போட்டின் உடைந்த துண்டு 4 கூட இல்லை. இரண்டும் இன்றைக்கும் எங்கள் சாமித்தட்டுக்குப் பக்கத்து இறாக்கையில் இருக்கின்றன. புது போட்டுக்குச் சொல்லிச் செய்விக்கிறவர்கள் அந்தத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு தடிப்பு, எத்தனை பாய் போட்டிருக்கிறார்கள் என்பதை அந்த ஒரு துண்டே காட்டிவிடும்.

அடுத்தது எஞ்சின் மாட்டுகிற பின்பலகையின் உயரம். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. அவுட்போட் எஞ்சினில் குட்டைத் தண்டு 15 அங்குலப் பலகைக்கு, நீளத் தண்டு 20 அங்குலப் பலகைக்கு. ஐந்து அங்குல வித்தியாசம் காகிதத்தில் சின்னது. ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குள் வரும்போது பின்னால் இருந்து ஏறும் அலைக்கு அந்த ஐந்து அங்குலம்தான் வாசல். நாங்கள் 20 அங்குலத்துக்கு வெட்டச் சொல்லி, பலகைக்கு முன்னால் தண்ணீர் தேங்கி வெளியே வடிய ஒரு தொட்டியும் வைக்கச் சொன்னோம். போட்டின் முழு அமைப்பிலும் நான் அதிகம் நன்றி சொல்வது இந்த இரண்டுக்கும்தான்.

ஏன் என்று சொல்கிறேன். பாலமீன்மடு முகத்துவாரத்தைத் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வாடைக்காலத்தில் மழைவெள்ளம் ஆற்றிலிருந்து வெளியே இழுக்கும், கடல் அலை உள்ளே தள்ளும். இரண்டும் மோதுகிற இடத்தில் அலை குட்டையாகி, செங்குத்தாக எழும்பி முறியும். 2018 தையில் ஒரு காலை, கீரிமீன் கொஞ்சம் பட்டிருந்தது, மூன்று பேரும் திரும்பிக்கொண்டிருந்தோம். தம்பி எஞ்சினில். வெளிச்சவீட்டை நேராக வைத்து உள்ளே வரும்போது அவன் அவசரப்பட்டு முன்னால் போன அலையின் முதுகைத் தாண்டி இறங்கிவிட்டான். அணியம் பள்ளத்தில் குத்த, பின்பக்கம் தூக்க, போட் பக்கவாட்டில் திரும்பப் பார்த்தது. அப்பா கத்தவில்லை. கையைக் கீழே அமுக்கிக் காட்டினார், அவ்வளவுதான். தம்பி எஞ்சினைக் குறைத்தான். பின்னால் வந்த அலை பலகையில் முட்டி உடைந்தது. தொட்டி நிறைந்து, அதற்கு மேலும் வழிந்து, எங்களுக்கு முழங்கால் அளவு தண்ணீர். மீன் பெட்டிக்குள் மிதந்தது. ஆனால் போட் நிமிர்ந்தே நின்றது. அடுத்த அலையின் முதுகில் ஏறி, அதன் வேகத்துக்கே வேகம் வைத்து, அமைதியான தண்ணீருக்கு வந்து சேர்ந்தோம். வாளியால் இறைக்கும்போது என் கை நடுங்கியது. பலகை குட்டையாக இருந்திருந்தால் அந்தத் தண்ணீர் இரண்டு மடங்காக வந்திருக்கும் என்பதை இன்றும் நினைக்கிறேன்.

போம் பற்றியும் கட்டாயம் சொல்லவேண்டும். வாங்கிய வாரமே அப்பா போட்டை ஆற்றுக்குள் கொண்டுபோய்த் தாழ்த்திப் பார்த்தார். எஞ்சினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 50 கிலோ மண்மூட்டை கட்டி, துளையைத் திறந்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்தோம். பார்த்தவர்கள் புதுப் போட்டை ஏன் தாழ்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். தண்ணீர் முட்ட நிறைந்தும் போட்டின் விளிம்பு மட்டமாக வெளியே தெரிந்தது. பிறகு மூன்று பேரும் ஏறி இருந்தோம், தாங்கியது. கணக்கு கடினமில்லை. பைபர் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தி. ஆகவே 400 கிலோ உடம்பு தாழ்ந்த பிறகு 130 கிலோ அளவுக்குத்தான் கீழே இழுக்கும். எஞ்சின் தண்ணீருக்குள் ஒரு 40 கிலோ. ஒரு லீற்றர் போம் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். 300 லீற்றர் போம் இருந்தால் ஆட்களும் பிடித்துக்கொண்டு நிற்கலாம். போம் முழுவதையும் அணியத்தில் மட்டும் வைத்தால் எஞ்சின் பக்கம் தாழ்ந்து போட் செங்குத்தாக நின்றுவிடும். இருபக்கத்திலும் பின்னாலும் பிரித்து வைக்கவேண்டும். சாதாரண வெள்ளை ரெஜிபோமைத் துண்டு துண்டாக அடைக்கிறவர்களும் உண்டு. அதில் பெற்றோல் பட்டால் கரைந்து ஒன்றுமில்லாமல் போய்விடும்.

எஞ்சின் 25 குதிரை வலு, மண்ணெண்ணெயில் ஓடுவது. பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் திரும்பப் பெற்றோலில் கொஞ்சம் ஓடவிடுவோம். அதைத் தவறவிட்டால் அடுத்த நாள் காலை கயிறு இழுத்தே தோள் போய்விடும். முழு வேகத்தில் மணிக்கு 12 லீற்றர் வரை குடிக்கிறது, முக்கால் வேகத்தில் 7. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது, 40 குதிரை வலுவை வாங்கியிருந்தால் அந்த வருடம் போட்டைக் கரையில் ஏற்றியிருப்போம். அப்போது முழு வேகத்தில் ஓடுவதையே விட்டோம், இன்னும் தொடங்கவில்லை.

கச்சான் காலத்தைப் பற்றி வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தப்பாக நினைக்கிறார்கள். வைகாசி, ஆனி மாதங்களில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், பயமில்லை என்று தோன்றும். ஆனால் கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. எஞ்சின் நின்றால் போட் கரைக்கு வராது, வெளியேதான் போகும். ஒருநாள் ஹேர்மீஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் தாழ்ந்து கிடக்கிற பக்கம் தூண்டிலுக்குப் போனோம். 1942 சித்திரை 9 இல் யப்பான் விமானங்கள் தாழ்த்திய அந்தக் கப்பலைச் சுற்றிப் பாரையும் அறக்குளாவும் கூடும். பத்து மணிக்குக் காற்று கூடியபோது எஞ்சின் நின்றது, பெற்றோல் குழாயில் தண்ணீர். அங்கே ஆழம் 50 மீற்றருக்கு மேல், எங்கள் நங்கூரக் கயிறு 60 மீற்றர்தான். நங்கூரம் நிலத்தைத் தொட்டும் பிடிக்கவில்லை, கயிறு நேர்குத்தாகத் தொங்கினால் எதைப் பிடிக்கும்? வெளிச்சவீடு சிறிதாகிக்கொண்டே போனது. வேறொரு போட் வந்து இழுத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து 150 மீற்றர் கயிறு, இரண்டு துடுப்பு, நீர்பிரிக்கும் வடி, தனிப் பெட்டியில் இரண்டு பிளக். இவை இல்லாமல் கரையை விடுவதில்லை.

குறைகளும் இருக்கின்றன. போட் பாரம். எங்களுக்கு ஆற்றுக்குள் கட்டி வைக்க இடம் இருப்பதால் சமாளிக்கிறோம். கல்முனைப் பக்கம் என் மச்சான் தொழில் செய்கிறார், அங்கே திறந்த கரையில் மணலில் ஏற்றி இறக்கவேண்டும். இந்தப் போட்டை அவரால் நாலு பேரோடு அசைக்க முடியாது. அவர் 18 அடியில் நிற்பது சரியான முடிவு, அந்த 18 அடியிலும் தடிப்பையும் போமையும் அவர் விடவில்லை. இரண்டாவது குறை, ஆற்றில் கட்டி வைப்பதால் அடியில் சிப்பி பிடிக்கிறது. ஆறு கிழமைக்கு ஒருமுறை சுரண்டாவிட்டால் எண்ணெய்ச் செலவு கூடுவது தெரிகிறது. மூன்றாவது, 2021 இல் பின்பலகைக்குள் இருக்கும் ப்ளைவுட் எஞ்சின் ஆணித் துளை வழியாகத் தண்ணீர் குடித்து ஊறிவிட்டது. சுத்தியலால் தட்டியபோது சத்தம் மங்கியதால்தான் கண்டுபிடித்தோம். ஓடாவியை (போட் கட்டும் தச்சர்) பிடித்து, வெட்டி, காயவைத்து, புதுப் பலகை வைத்துப் பைபர் போட எட்டு நாள் எடுத்தது. இப்போது ஒவ்வொரு வருடமும் ஆணிகளைக் கழற்றி, துளையில் சீலன்ற் நிரப்பித் திரும்பப் பூட்டுகிறோம்.

குடும்பத்துக்கு என்று பார்த்தால், வாங்கும்போது யோசிக்காத ஒன்றை மனைவிதான் சொன்னா: பிள்ளைகள் பிடிக்க ஒன்றுமில்லை. இரு பக்கமும் குழாய்ப் பிடி போட்டோம். மகளுக்கு அவளின் எடைக்கே உரிய லைஃப் ஜக்கெட், காலுக்கு நடுவில் பட்டி உள்ளது. பெரியவர்களின் ஜக்கெட்டைப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் தலைக்கு மேலால் கழன்றுவிடும். பிள்ளைகள் இருக்கும்போது முகத்துவாரத்துக்கு வெளியே போவதில்லை, எவ்வளவு அமைதியான நாளானாலும் இல்லை.

போன ஆனிப் பறுவத்துக்கு (பௌர்ணமி) எல்லோருமாகக் கல்லடிப் பாலத்துக்குக் கிட்டப் போய் எஞ்சினை நிறுத்தினோம். அங்கே பறுவ இரவில் தண்ணீருக்கடியில் மீன் பாடும் என்பார்கள். அப்பா துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மேல் நுனியை மகளின் காதில் வைத்தார். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு வாயை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தாள். மீன் பாடுகிறதா என்று நான் கேட்க, கையை நீட்டிப் பேசாதே என்று காட்டினாள்.

வாடை தொடங்கும் முன் இந்த முறை ஜெல்கோட் (பைபரின் வெளிப்பூச்சு) திரும்ப அடிக்கவேண்டும், வெயிலில் வெளிறிப் பொடி விடுகிறது. அப்பா வழமைபோல எல்லாவற்றுக்கும் முதல் அணியத்தைத் தட்டிப் பார்த்துவிட்டார். சத்தம் இன்னும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது.