ஜியாலஜி படிக்க மூன்று வழி: மாநிலக் கல்லூரி, அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ், கிண்டியில் பொறியியல்

ப்ளஸ் டூ முடித்து ஜியாலஜி பக்கம் வருகிறவர்களை முதலில் குழப்புவது இரண்டு சொற்கள். ஒன்று, 'புவியியல்'. பள்ளிப் புத்தகத்தில் புவியியல் என்றால் ஜியாகிரஃபி. கிண்டியில் இருக்கும் 'புவியியல் மற்றும் சுரங்கத்துறை' அலுவலகத்திலோ அதே சொல் ஜியாலஜியைக் குறிக்கிறது. நிலவியல், புவி அமைப்பியல் என்றும் சொல்வார்கள். கல்லூரி விருப்பப் பட்டியலைத் தமிழ்ப் பெயரை மட்டும் பார்த்து நிரப்பினால், பாறை படிக்க வந்தவர் வரைபடப் படிப்பில் போய் உட்கார்ந்துவிடுவார். ஜியாலஜிஸ்ட் பணிக்கு ஜியாகிரஃபி பட்டம் செல்லாது. எனவே ஆங்கிலப் பெயரையும் பாடக் குறியீட்டையும் சரிபார்த்த பிறகே பட்டியலை உறுதி செய்யுங்கள்.

இன்னொன்று, 'கம்யூனிட்டி காலேஜ்'. நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் கைத்தொழில் கற்றுக்கொடுத்து வேலைக்கு அனுப்பும் குறுகிய காலச் சான்றிதழ், டிப்ளமோ படிப்புகள். அமெரிக்காவில் அதே பெயருக்கு அர்த்தம் வேறு. நான்கு ஆண்டுப் பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுகளை அங்கே குறைந்த செலவில் முடித்துவிட்டு, மீதியைப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். ஜியாலஜிக்குக் கம்யூனிட்டி காலேஜ் நல்ல தொடக்கம் என்று இணையத்தில் படிப்பதெல்லாம் இந்த அமெரிக்கக் கல்லூரியைப் பற்றித்தான்.

சென்னையிலிருந்து பார்த்தால் இப்போது மூன்று வழி தெரிகிறது. மாநிலக் கல்லூரியில் (பிரசிடென்சி காலேஜ்) பி.எஸ்சி. ஜியாலஜி படித்து எம்.எஸ்சி.க்குப் போவது ஒன்று. அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு, பிறகு பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு என்பது இன்னொன்று. மூன்றாவது, பி.இ. சிவில் அல்லது ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் (நிலத் தரவைக் கணினியில் கையாளும் படிப்பு). இவற்றை எடைபோட எங்கள் அளவுகோல் ஒன்றே: நீங்கள் விரும்பும் வேலையின் கதவு எந்தப் பட்டத்தில் திறக்கிறது? இந்தியாவில் ஜியாலஜிஸ்ட் என்ற பதவிப் பெயர் எம்.எஸ்சி.யில்தான் கிடைக்கும். அமெரிக்காவில் நான்கு ஆண்டுப் பட்டம் போதும். கல்லூரியின் பெயரையும் கட்டணத்தையும் அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மாநிலக் கல்லூரியிலிருந்து எம்.எஸ்சி. வரை

செலவில் இதற்குப் போட்டியே இல்லை. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். நுழைவுத் தேர்வு கிடையாது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பம், ப்ளஸ் டூ மதிப்பெண், கலந்தாய்வு, அவ்வளவுதான்.

கற்கும் இடமும் வாசலிலேயே இருக்கிறது. பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் சார்னோகைட் பாறை. உலகம் முழுக்கப் பாடத்தில் வரும் இந்தப் பெயரை 1893இல் வைத்தவர் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து. கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே பாறை என்பதால் அந்தப் பெயர். அதற்கு 30 ஆண்டு முன்னால், 1863இல், ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்ததும் பல்லாவரத்தில்தான். அவரும் அதே நிறுவனத்து ஜியாலஜிஸ்ட். இவ்வளவு பெயர்போன பாறைக்குப் புறநகர் ரயில் டிக்கெட்டில் போய்வர முடிகிற மாணவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இல்லை. இரவில் கொஞ்ச தூரம் பயணம் செய்தால் சேலத்து மேக்னசைட், கஞ்சமலை இரும்புப் பாறை, அரியலூரின் கிரெட்டேசியஸ் (டைனோசர் காலத்து) புதைபடிவங்கள், நாமக்கல் அருகே சித்தம்பூண்டி அனார்த்தசைட் எல்லாம் கிடைக்கும். சந்திரயான் சோதனைகளுக்கு நிலவு மண்ணுக்கு மாற்றாகப் பொடித்தது இந்தச் சித்தம்பூண்டிக் கல்லைத்தான்.

கைக்கு வேண்டிய சாமான்கள்: சுத்தியல், பாறையின் சரிவையும் திசையையும் அளக்கக் கிளினோமீட்டர் அல்லது பிரண்டன் காம்பஸ், பத்து மடங்கு லென்ஸ், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1:50,000 டோபோஷீட் (நிலத்தோற்ற வரைபடம்), அழியாத மையில் எழுதும் நோட்டு. ஆய்வகத்தில் பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த மெல்லிய சீவலை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பீர்கள். சீவல் அதைவிடத் தடித்தால் குவார்ட்ஸ் சாம்பல் நிறத்துக்குப் பதில் மஞ்சளாகத் தெரியும். கனிமத்தைத் தவறாக அடையாளம் காண அதுவே போதும். களத்திலும் இப்படிப்பட்ட பிழைகள் உண்டு. கஞ்சமலை போன்ற மேக்னடைட் (காந்த இரும்புக் கனிமம்) பாறைமேல் காம்பஸை வைத்து அளந்தால் முள் திரும்பிவிடும். அங்கே தூரத்துக் குறியிடங்களை வைத்துத் திசை எடுக்க வேண்டும். சரிவுக் கோணத்தை எழுதிவிட்டு எந்தத் திசையில் சரிகிறது என்று எழுத மறப்பது முதலாண்டு மாணவர்களின் வழக்கமான பிழை. அந்த நோட்டை வைத்து அறைக்குத் திரும்பி வரைபடம் போட முடியாது.

இந்த வழியின் பெரிய ஆபத்து பி.எஸ்சி.யோடு நின்றுவிடுவது. வெறும் பி.எஸ்சி. ஜியாலஜிக்கு இங்கே கிடைப்பவை போர்வெல் கம்பெனியில் களப்பணி, குவாரி மேற்பார்வை, ஜி.ஐ.எஸ். (கணினி வரைபடம்) தரவு உள்ளீடு. சம்பளம் குறைவு, உயர்வும் மெதுவாகத்தான் வரும். எம்.எஸ்சி.க்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகமும் அண்ணா பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே உள்ளன. ஐ.ஐ.டி. வேண்டுமானால் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் (JAM) தேர்வு: மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. பி.எஸ்சி.யில் கணிதம், இயற்பியல், வேதியியல் போன்றவற்றில் சிலவற்றைத் துணைப் பாடமாகப் படித்திருக்க வேண்டும் என்று பல ஐ.ஐ.டி.கள் கேட்கின்றன. மூன்றாம் ஆண்டில் விழித்துக்கொண்டு பயனில்லை. முதலாண்டில் துணைப் பாடம் தேர்ந்தெடுக்கும் அன்றே அந்தப் பட்டியலைக் கையில் வைத்திருங்கள்.

எம்.எஸ்சி. கையில் வந்ததும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு முதன்மையானது. 21 முதல் 32 வயது வரை எழுதலாம், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. பிப்ரவரியில் முதல்நிலை 400 மதிப்பெண்ணுக்கு, ஜூனில் முதன்மை 600க்கு, பிறகு நேர்காணல் 200க்கு. முதல்நிலையில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். எம்.எஸ்சி. இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கலாம். தேர்வானால் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்திலோ மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலோ குரூப் ஏ பணி. தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். ஆனால் இடங்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறும். 2023 அறிவிப்பில் 285 இடம், 2024இல் 56 இடம். இதை மட்டும் நம்பி நான்கு வருடம் உட்கார்ந்திருக்காதீர்கள்.

மாநில அரசில் டி.என்.பி.எஸ்.சி. மூலம் உதவி ஜியாலஜிஸ்ட் பணி உண்டு. அதற்கும் எம்.எஸ்சி. வேண்டும், அறிவிப்பு ஆண்டுதோறும் வராது. குவாரிகளுக்குச் சுரங்கத் திட்டம் தயாரித்துக் கையெழுத்திடும் தகுதி நன்றாகச் சம்பாதித்துத் தரும் தொழில். அதற்கு ஜியாலஜியில் முதுநிலைப் பட்டமும் சுரங்கத்தில் மேற்பார்வை நிலையில் ஐந்தாண்டு அனுபவமும் கேட்கிறார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் கல்குவாரி இருக்கும்வரை இந்த வேலை இருக்கும். தண்ணீர்ப் பக்கமும் அப்படித்தான். மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் உட்புகுந்ததைக் கண்காணிப்பதிலிருந்து, புதிய குடியிருப்புகளுக்கு நிலத்தடி நீர் அறிக்கை எழுதுவதுவரை இந்த நகரத்தில் ஹைட்ரோஜியாலஜிஸ்டுக்கு வேலை ஓயாது.

அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்

அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று கணக்கு; சுமார் 60 கிரெடிட்டில் இரண்டாண்டு அசோசியேட் பட்டம். பல்கலைக்கழகத்துக்கு மாறி மொத்தம் 120 கிரெடிட்டில் பி.எஸ். பட்டம். மாணவர் விசாவில் போகிறவர் பருவத்துக்கு 12 கிரெடிட்டாவது எடுக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டில் ஜியாலஜி கொஞ்சம்தான்: பௌதிக ஜியாலஜி, வரலாற்று ஜியாலஜி, அவற்றின் ஆய்வகம். கனிமவியல், பாறையியல், கட்டமைப்பு ஜியாலஜி எல்லாம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில்தான். கோடையில் ஐந்தாறு வாரக் கள முகாமும் அங்கேதான், பல இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம்.

அப்படியானால் கம்யூனிட்டி காலேஜில் முடிக்க வேண்டியது என்ன? கால்குலஸ் இரண்டு, பொது வேதியியல் இரண்டு, இயற்பியல் இரண்டு. இவை சங்கிலியாகக் கோத்தவை. கணிதத் தகுதி நிலை கீழே விழுந்து அல்ஜீப்ராவிலிருந்து தொடங்கினால் கால்குலஸ் ஒரு வருடம் தள்ளும், இயற்பியல் அதற்குப் பின்னால் தள்ளும், 'இரண்டு ஆண்டு' மூன்றாகிவிடும். ஜியாலஜியில் ஆர்வம் மிகுந்து விருப்பப் பாடங்களை வாரிச் சேர்த்துக்கொண்டு கால்குலஸை ஒத்திப்போடுகிறவர்கள்தான் இங்கே அதிகம் சிக்குகிறார்கள். சேரப்போகும் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தை எதற்கு ஈடாக ஏற்கிறது என்ற ஒப்பந்தப் பட்டியலை முதல் பருவத்திலேயே எடுத்துவைக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் அசிஸ்ட் என்ற பொது இணையதளத்தில் அது கிடைக்கும்.

பணம்: 'மலிவு' என்பது உள்ளூர்வாசிகளுக்கு. வெளிநாட்டு மாணவருக்கு கலிஃபோர்னியாக் கல்லூரிகள் பலவற்றில் கட்டணமே ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரை ஒட்டி வரும். வாடகை, சாப்பாடு, காப்பீடு சேர்ந்தால் அது கட்டணத்தைத் தாண்டும். அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரக விசா நேர்காணலில் ஏன் இரண்டாண்டுக் கல்லூரி, பிறகு எங்கே மாறுவீர்கள், யார் பணம் கட்டுவார்கள் என்ற மூன்றுக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

வேலை என்று வரும்போது இந்த வழிக்கு உண்மையான பலம் உண்டு. பி.எஸ். முடித்ததும் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்களில் மண், நிலத்தடி நீர் மாதிரி எடுக்கும் தொடக்க வேலை கிடைக்கும். அதற்கு 40 மணி நேர அபாயப் பொருள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று கேட்பார்கள். பல மாநிலங்களில் உரிமம் பெற்ற ஜியாலஜிஸ்ட் ஆக ஆஸ்பாக் (ASBOG) என்ற உரிமத் தேர்வு அமைப்பின் இரண்டு தேர்வுகள் உண்டு: முதலாவது படித்து முடிக்கும்போது, இரண்டாவது சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு. இப்போதைய விதிப்படி படிப்புக்குப் பின் 12 மாதப் பணி அனுமதி, அறிவியல் பட்டம் என்பதால் மேலும் 24 மாதம். ஆனால் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் போன்ற மத்திய அரசு வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்கே.

வெறும் அசோசியேட் பட்டத்தோடு ஊர் திரும்புவது மிக மோசமான முடிவு. இங்கே அது இளநிலைப் பட்டமே அல்ல.

பி.இ.

சிவில் பாடத்திட்டத்தில் ஜியாலஜி பெரும்பாலும் ஒரே ஒரு தாள். ஆனாலும் சென்னையில் மண் ஆய்வு வேலையில் அஸ்திவாரப் பரிந்துரை எழுதுவது மண்ணியல் படித்த சிவில் பொறியாளர். போர்ஹோல் அருகே நின்று கோர் (துளைத்தெடுத்த பாறை உருளை) பெட்டியைப் படிப்பது ஜியாலஜிஸ்ட். இருவரும் தேவை, சம்பளம் மட்டும் முதலாமவருக்குச் சீக்கிரம் ஏறும்.

அந்த வேலையைக் கொஞ்சம் விவரமாகப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். 63.5 கிலோ சுத்தியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு, துளையில் இறக்கிய குழாயை அடிப்பார்கள். 45 செ.மீ. இறக்கத்தில் முதல் 15 செ.மீ.யை விட்டுவிட்டு மீதி 30 செ.மீ.க்கான அடிகளை எண்ணினால் வருவது, மண்ணின் கெட்டித்தன்மையைக் காட்டும் 'N' மதிப்பு. பாறை வந்ததும் கோர் எடுத்து, 10 செ.மீ.க்குக் குறையாத துண்டுகளின் நீளத்தைக் கூட்டி, துளைத்த நீளத்துக்கு அது எத்தனை சதவீதம் என்று பார்ப்பது ஆர்.க்யூ.டி. (RQD) என்ற பாறைத் தர அளவு. பெட்டியில் அடுக்கும்போது உடைந்த கோரை இயற்கை விரிசல் என்று எண்ணிவிட்டால் நல்ல பாறையும் மட்டம் ஆகிவிடும். அதைவிட மோசம், சார்னோகைட் வெங்காயத் தோல்போல உரிந்து சிதையும் பாறை என்பதை மறப்பது. சிதைந்த மண்ணுக்குள் உருண்டைக் கற்கள் மிச்சமிருக்கும். ஒரு மீட்டர் கோரில் கெட்டிப் பாறை வந்ததும் நிறுத்தினால், அடியில் மறுபடி மண் இருக்கலாம். தூணை அந்த உருண்டைமேல் நிறுத்திவிடுவீர்கள். அதனால்தான் மூன்று முதல் ஐந்து மீட்டர்வரை பாறைக்குள் துளைத்து உறுதிசெய்யச் சொல்கிறார்கள். சுமார் 119 கி.மீ. மெட்ரோ இரண்டாம் கட்டம் போன்ற வேலைகளில் இந்தக் கண் உள்ளவர் தேவை. அந்தக் கண் நான்கு ஆண்டு சிவிலில் தானாக வராது.

கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இருக்கும் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ், செயற்கைக்கோள் படமும் சர்வேயும் பிடித்தவர்களுக்கு. அதை ஜியாலஜிக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். யு.பி.எஸ்.சி. ஜியாலஜிஸ்ட் பதவிக்கு பி.இ. மட்டும் போதாது.

வயதுக் கணக்கு

18 வயதில் மூவரும் ஒன்றாகத் தொடங்குகிறார்கள் என்று வையுங்கள். 22இல் பி.இ. படித்தவர் சம்பளம் வாங்குவார். அமெரிக்கா போனவரும் கால்குலஸில் சறுக்காமல் இருந்தால் அதே 22இல் வேலைக்குச் சேர்ந்து 25வரை அங்கே இருக்கலாம். பிறகு விசா கையில் இருக்க வேண்டும். ஊர் திரும்பி யு.பி.எஸ்.சி. எழுத நினைத்தால் சமநிலைச் சான்று வாங்கி எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு கூட்டிக்கொள்ள வேண்டும். மாநிலக் கல்லூரியில் சேர்ந்தவர் 23இல் எம்.எஸ்சி. முடிப்பார், கடன் இல்லாமல், மத்தியத் தேர்வுக்கு ஒன்பது ஆண்டு கையிலிருக்க. தமிழ்நாட்டிலேயே பாறையோடும் தண்ணீரோடும் வாழ நினைப்பவருக்கு நாங்கள் தயங்காமல் சொல்வது இதைத்தான். வெளிநாடு போகும் ஆசை இருந்தாலும் எம்.எஸ்சி.க்குப் பிறகு ஆய்வு உதவித்தொகையோடு போவது, 18 வயதில் அப்பாவின் சேமிப்போடு போவதைவிட நல்லது. குடும்பம் ஏற்கெனவே அமெரிக்காவில் குடியேறி, உள்ளூர்க் கட்டணம் கிடைக்கும் என்றால் கதை தலைகீழ். அப்போது கம்யூனிட்டி காலேஜை விடக் கூடாது.

சேரும் முன் எந்தக் கல்லூரியானாலும் துறைக்கு நேரில் போய் நான்கு கேள்வி கேளுங்கள். கள முகாம் ஆண்டுக்கு எத்தனை நாள், செலவு யாருடையது? வேலை செய்கிற பாறை மைக்ரோஸ்கோப் எத்தனை, ஒன்றுக்கு எத்தனை மாணவர்? துணைப் பாடங்கள் எவை? போன ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் எம்.எஸ்சி.க்குப் போனார்கள், எங்கே?