ஆறு ஆண்டு மாவு மெஷினும் ஆகாத ஈர அரிசியும்

தீபாவளி முடிந்த மறுவாரம் என் சகலை தொலைபேசியில் அழைத்து, வீட்டு மாவு மெஷின் ஒன்று வாங்கலாமா என்று யோசனை கேட்டார். கேட்ட நாள் சரியில்லை. அன்று காலையில்தான் எங்கள் மெஷினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டிவிட்டு, 1,850 ரூபாய் வாங்கிக்கொண்டு மெக்கானிக் கிளம்பியிருந்தார். ‘வேண்டவே வேண்டாம்’ என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன். பேசி வைத்த பிறகுதான், ஆறு ஆண்டுகளாக எங்கள் வீட்டுச் சப்பாத்திக்கும் தேன்குழலுக்கும் சத்துமாவுக்கும் சாம்பார்ப் பொடிக்கும் உழைத்த ஒரு பொருளை அப்படித் தூக்கியெறிந்து பேசியது நியாயமா என்று உறுத்தியது. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

2018 ஆகஸ்டில் 17,500 ரூபாய் கொடுத்து வாங்கினோம். ஒரு குதிரைத்திறன் மோட்டார், ஆறு சல்லடைகள், கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் ஓடாத பாதுகாப்புப் பூட்டு என்று இந்த வகை மெஷின்களில் வழக்கமாக இருப்பவைதான் இதிலும் உண்டு. கல் கிடையாது. வேகமாகச் சுழலும் இரும்புத் தகடுகள் தானியத்தை அடித்து நொறுக்கும். சுற்றியிருக்கும் சல்லடைக் கண் வழியாக வெளியேறும் அளவுக்குப் பொடியாகும்வரை அது உள்ளேயே கிடந்து அடிபடும். சத்தத்தைப் பற்றிக் குறை சொல்பவர்கள் உண்டு. எங்களுடையது தனி வீடு என்பதால் எனக்கு அது பொருட்டாக இருந்ததில்லை.

நான் குறை சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். அது ஈர அரிசி.

மெஷின் வாங்கியதே அந்த ஆண்டுக் கோகுலாஷ்டமிக்காக. உப்புச் சீடை, வெல்லச் சீடை, கை முறுக்கு, அதன்பின் தீபாவளிக்கு அதிரசம் என்று அம்மா போட்ட பட்டியலில் எல்லாமே பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, வேட்டியில் பரப்பி நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே அரைக்கவேண்டியவை. கடையில் விற்பனையாளரிடம், ‘அரிசி அரைக்கலாமா?’ என்று கேட்டேன். ‘எல்லாமே அரைக்கலாம் சார்’ என்றார். நான் கேட்ட அரிசி வேறு, அவர் சொன்ன அரிசி வேறு என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

ஈர அரிசிக்கு அம்மா வைத்திருக்கும் அளவுகோல் எளியது. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்தால் அரிசி கையில் ஒட்டவேண்டும், உதறினால் உதிரவேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் நிற்கக்கூடாது. அந்தப் பதத்தில் இரண்டு கிலோவைத் தானியத் தொட்டியில் கொட்டி மெஷினைப் போட்டேன். முதல் அரை நிமிடம் பூப்போல மாவு விழுந்தது. அம்மாவின் முகத்தில்கூட ஒரு திருப்தி தெரிந்தது. பிறகு விழுவது நின்றது. மோட்டாரின் சத்தம் கனத்து, முனகலாக மாறி, எங்கேயோ சூடான பிளாஸ்டிக் வாடை வரத் தொடங்கியபோது தானாகவே நின்றுவிட்டது. கதவைத் திறந்து பார்த்தால், சல்லடையின் கண் ஒவ்வொன்றும் சுண்ணாம்பு பூசியதுபோல அடைத்துக்கொண்டிருந்தது. தகடுகளுக்குப் பின்னால் மாவு அடையாகத் தட்டி ஒட்டிக்கிடந்தது. பழைய பல்துலக்கியும் தென்னை ஈர்க்குச்சியும் வைத்துக்கொண்டு நானும் மனைவியும் ஒன்றரை மணி நேரம் சுரண்டினோம். சுரண்டியும் கைக்கு எட்டாத இடுக்கில் மிஞ்சிய மாவு மூன்றாம் நாள் புளித்து நாறியது. அந்த வருடச் சீடை மிக்ஸியில் அரைத்த மாவில்தான் ஆனது: ஒரு கை அரிசி, ஒரு சுற்று, ஒரு சலிப்பு, மிஞ்சிய கப்பியை மறுபடி ஒரு சுற்று என்று இரவு பதினொரு மணிவரை.

நியாயமாகப் பார்த்தால் மெஷின்மேல் பழியில்லை. ஈரமான தானியத்தைப் போடக்கூடாது என்று கையேட்டில் மட்டுமல்ல, மூடியின் உட்புறத்திலேயே அச்சிட்டு ஒட்டியிருக்கிறார்கள். படிக்காதது என் தவறு. அடித்து நொறுக்கிச் சல்லடை வழியாகத் தள்ளும் எந்த மெஷினும் ஈரத்துக்கு அடைக்கத்தான் செய்யும். ஆனால் நம் வீட்டுப் பலகாரத்துக்கு ஈரம் ஒரு சம்பிரதாயம் அல்ல, அதில்தான் விஷயமே இருக்கிறது. ஊறிய அரிசி மெத்தென்று உடைந்து நைசான மாவாகிறது; காய்ந்த அரிசியை அடித்து நொறுக்கும்போது அதன் மாவுச்சத்தே சிதைந்துபோவதால், அந்த மாவு தண்ணீரையும் பாகையும் அளவுக்கு மீறிக் குடிக்கும். அதிரசத்துக்கு அப்படிப்பட்ட மாவைப் போட்டால் பாகு முழுவதையும் உறிஞ்சிக்கொண்டு மாவு இறுகிவிடும். தட்டினால் ஓரம் வெடிக்கும், பொரித்து எடுத்தால் ஆறியபின் ஓடுபோல இருக்கும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, 2019 தீபாவளிக்குக் காய்ந்த மாவில் செய்து, உறவினர் வீடுகளுக்கும் கொடுத்தனுப்பி, அவர்கள் மரியாதைக்கு ஒன்றும் சொல்லாமல் இருந்ததிலிருந்து தெரிந்துகொண்டது.

இனி நல்லதைச் சொல்லவேண்டும். நிறைய இருக்கிறது.

கோதுமையைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதற்காகவே பிறந்த மெஷின் இது. எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சி தந்தது கடலை மாவு. கடலைப்பருப்பை வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்து, இருப்பதிலேயே நுண்ணிய சல்லடையைப் பொருத்தி அரைத்தால், மாவுப் பாத்திரத்தின் மேல் மாட்டியிருக்கும் துணிப்பை மெல்ல உப்பி எழும். அதைத் தட்டிவிட்டுப் பாத்திரத்தை வெளியே இழுக்கும்போது எழும் பச்சைக் கடலை வாசனை, பாக்கெட் மாவில் நான் ஒருநாளும் முகர்ந்திராதது. ஓமப்பொடியும் ரிப்பன் பக்கோடாவும் அந்த மாவில் செய்தால் நிறமே வேறாக இருக்கிறது. அரைத்து முடித்த மாவு கையில் வெதுவெதுவென்று இருக்கும். அந்தச் சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டிதட்டும், சீக்கிரமே வாடையும் வரும். அகலத் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகே மூடவேண்டும். இந்தச் சிறிய விஷயத்தைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு கிலோ உளுத்தம் மாவு வீணானது.

அந்த உளுத்தம் மாவுதான் தேன்குழலின் உயிர். வெறும் வாணலியில் சிவக்காமல், வாசனை வரும்வரை மட்டும் வறுத்த உளுந்தை இந்த மெஷின் அரைப்பதுபோல மிக்ஸி அரைக்காது. கழுவி நன்றாக உலர்த்தி அரைத்த பச்சரிசி மாவு நான்கு பங்கு, உளுத்தம் மாவு ஒரு பங்கு, வெண்ணெய், சீரகம், உப்பு என்று பிசைந்து நாழியில் போட்டுப் பிழிந்தால், அச்சில் கப்பி அடைத்துப் பாதியில் நிற்பது என்ற தொல்லையே இல்லை. தேன்குழலுக்குக் காய்ந்த மாவே போதும் என்பதால், வீட்டில் மாதம் ஒருமுறை தேன்குழலாகவே பிழிந்து தள்ளுகிறோம். ஆறு ஆண்டுகளில் எங்கள் வீட்டுப் பலகாரப் பழக்கத்தையே இந்த மெஷின் தனக்கு ஏற்றபடி மாற்றிவிட்டது என்பதை எழுதும்போதுதான் உணர்கிறேன். கை முறுக்கு சுற்றி எத்தனை நாளாயிற்று என்று அம்மா கேட்கும்போது நான் பதில் சொல்வதில்லை.

பொடி வகைகளுக்கு வரிசை முக்கியம். முதலில் அரிசி, பிறகு பருப்பு, கோதுமை, அதன்பின் மல்லி, கடைசியில் மிளகாய். வரிசை மாறினால் சப்பாத்தி காரும். மிளகாய் முடிந்ததும் இரண்டு கைப்பிடி அரிசியைப் போட்டு ஓட்டி உள்ளே ஒட்டியிருப்பதைத் துடைத்தெடுப்போம். இளஞ்சிவப்பாக விழும் அந்த மாவு மறுநாள் அடையில் சேர்ந்துவிடும். மிளகாய் அரைக்கும் நாளில் கதவு சன்னலையெல்லாம் திறந்துவைத்தும் வீடு முழுவதும் இருமும். விரலி மஞ்சளை உரலில் தட்டிச் சிறிதாக்காமல் அப்படியே போட்டு ஒரு சல்லடையைக் கிழித்தது என் கைங்கரியம். சத்துமாவுக்குக் கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை எல்லாம் இதிலும், எண்ணெய் கசிந்து சல்லடையை அடைக்கும் நிலக்கடலையும் முந்திரியும் மிக்ஸியிலும் என்று பிரித்துக்கொண்டோம்.

கணக்கு கேட்பவர்களுக்காக: எங்கள் வீட்டில் மாதம் சுமார் பன்னிரண்டு கிலோ அரைக்கிறோம். தெருமுனை மாவு மில்லில் நாங்கள் கொடுத்துவந்த கூலி கிலோவுக்குப் பத்து ரூபாய். அப்படியானால் ஆண்டுக்கு 1,440 ரூபாய். மெஷினின் விலை மட்டுமே திரும்பிவரப் பன்னிரண்டு ஆண்டு ஆகும். கிழிந்த சல்லடை, ரிப்பேர், ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும் மின்சாரம் இவற்றைச் சேர்த்தால் இன்னும் தள்ளிப்போகும். சிக்கனத்துக்காக யாரும் இதை வாங்கவேண்டாம். மில்லில் நமக்கு முன்னால் கேழ்வரகு அரைத்தவரின் மாவு நம் அரிசி மாவில் கலந்து வராமலிருப்பதற்கும், நினைத்த நேரத்தில் அரைத்துக்கொள்வதற்கும் கொடுக்கும் விலை இது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் 2024 தீபாவளிக்கு முந்தைய வாரம் நான் மறுபடி ஈர அரிசியைப் போட்டேன். அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. இந்த வருடம் அதிரசம் சரியாக வரவேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். வழக்கத்தைவிடக் கூடுதலாக உலர்த்தி, கண் பெரிய சல்லடையை மாட்டி, கைப்பிடி கைப்பிடியாகப் போட்டால் தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு கிலோவரை தப்பித்தது. அன்று துடைத்து வைத்ததோடு சரி. பத்து நாள் கழித்துக் கோதுமை போட்டபோது தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல ஒரு கிரீச்சொலி. தகடு பொருத்திய தண்டின் பின்னால் ஈர மாவு புகுந்து, கெட்டிப்பட்டு, பேரிங் துருப்பிடித்திருந்தது. மெக்கானிக் மூடியைத் திருப்பி அந்த அச்சிட்ட வரியின்மேல் விரலை வைத்து, ‘இதுலயே போட்டிருக்கே சார்’ என்றார். அவர் கேட்டது 1,850 ரூபாய். கொடுத்தது முழுவதும் எனக்கு நானே கட்டிய அபராதம் என்பது புரிகிறது. புரிவதால் கோபம் குறைவதாக இல்லை. அரிசி தின்னும் ஊரில் விற்கிற மெஷினுக்கு அரிசியை அரைக்க வேண்டிய பதத்தில் அரைக்கத் தெரியவில்லை என்றால், அதை எந்த மொழியில் அச்சிட்டு எங்கே ஒட்டினால் என்ன?

அதிரசத்துக்கு மீதி அரிசியைத் தெருமுனை மில்லுக்கே கொண்டுபோனேன். ஈர அரிசிக்கென்று அங்கே தனி மெஷின் இருக்கிறது. தீபாவளி வாரம் என்பதால் எனக்கு முன்னால் பதினொரு தூக்குவாளிகள் வரிசையில் இருந்தன. மில்காரர் என்னைப் பார்த்துவிட்டு, ‘வாங்க சார், ஆளையே காணோமே’ என்றார்; வீட்டில் மெஷின் இருப்பது அவருக்குத் தெரியும். நான்கு நிமிடத்தில் மூன்று கிலோவும் அரைபட்டு, ஈரமணத்தோடு வாளிக்கு வந்தது. அம்மா விரலிடுக்கில் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பாகு வெல்லத்தை எடுத்துவரச் சொன்னார். அந்த அதிரசம் கடைசி வரை மெத்தென்று இருந்தது.

நேற்று சகலை மறுபடி அழைத்தார். நான் அவ்வளவு கடுமையாகச் சொன்னதால் புது மெஷின் யோசனையைக் கைவிட்டதாகவும், எனக்குத்தான் அது வேண்டாதது ஆயிற்றே, பாதி விலைக்குத் தந்தால் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். கடலைப்பருப்பு மாடியில் காய்ந்துகொண்டிருக்கிறது, தருவதற்கில்லை என்று சொல்லிவிட்டேன்.