பார்படோஸ் போகிறீர்களா: கார்லைல் விரிகுடாவா, கிரேன் கடற்கரையா?

கடந்த ஜூனில் குடும்பத்தோடு கரீபியன் தீவான பார்படோஸ் போவது என்று முடிவான பிறகு, எந்தக் கரையில் தங்குவது என்று யோசிப்பதிலேயே மூன்று வாரம் போய்விட்டது. மனைவிக்குக் கிரேன் மேல் ஆசை. எனக்குக் கார்லைல். முழங்கால் வலியுள்ள அம்மாவும் ஏழு வயது மகளும் கூட வந்ததால், கடைசியில் கார்லைலில் ஏழு இரவு தங்கினோம், கிரேனுக்கு ஒரு நாள் போய்வந்தோம். கிரேன் பற்றி நான் சொல்வதெல்லாம் அந்த ஒரு நாளை வைத்துத்தான்.

மணலிலும் நிறத்திலும் இரண்டுமே குறை சொல்ல முடியாதவை. தீவின் கடற்கரைகள் எல்லாமே பொதுவானவை, எங்கு வேண்டுமானாலும் போய் உட்காரலாம். இரண்டு பார்படோஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலர், கணக்குப் போடுவதும் எளிது. விமான நிலையத்துக்குப் பக்கம் கிரேன்தான்.

முடிவு செய்ய வேண்டியது சர்காசம் பாசியை வைத்து. 2011-லிருந்து அட்லாண்டிக்கின் நடுப்பகுதியில் இந்தப் பழுப்புப் பாசி பெருமளவில் வளர்ந்து கரீபியன் தீவுகளை நோக்கி மிதந்து வருகிறது. அங்கே வீசுவது பெரும்பாலும் கிழக்கிலிருந்து வரும் காற்று, நம் கடற்கரைகளில் கொண்டல் என்பார்களே, அந்தத் திசை. பார்படோஸ் மற்ற தீவுகளைவிடக் கிழக்கே தள்ளித் தனியாக நிற்பதால், வரும் பாசி முதலில் அதன் கிழக்கு, தென்கிழக்குக் கரைகளில் ஏறுகிறது. கிரேன் இருப்பது தென்கிழக்கில். கார்லைலோ தென்மேற்கு மூலையில், காற்றுக்கு முதுகைக் காட்டி வளைந்த பிறை போன்ற விரிகுடா. கடல் ஒன்றுதான். ஆனால் நாங்கள் அங்கே தங்கியிருந்த வாரத்தில் கிரேனில் கணுக்கால் புதையும் அளவுக்குப் பாசி ஒதுங்கியிருந்தது, கார்லைலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு கொத்து.

கண்ணுக்கு உறுத்துவதோடு விட்டால் பரவாயில்லை. ஒதுங்கிய பாசி ஓரிரு நாளில் அழுகத் தொடங்கி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடும். அழுகிய முட்டை நாற்றம். அம்மாவுக்கு அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிட்டது. ஆஸ்துமா உள்ளவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். இயந்திரம் வைத்து வாரினால் மணலும் சேர்ந்து போகும், ஆமை முட்டையிடும் குழிகளும் கெடும். அதனால் விடுதிக்காரர்களும் நினைத்தவுடன் அள்ளிப் போட்டுவிட முடியாது. பாசி அதிகம் வருவது மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, பள்ளி விடுமுறைக்குக் குடும்பங்கள் கிளம்பும் அதே மாதங்கள். தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் செயற்கைக்கோள் படங்களை வைத்து மாதந்தோறும் பாசி நிலவரம் வெளியிடுகிறது. முன்பதிவுக்கு முன் அதைப் பாருங்கள்.

பாசி இல்லாத நாளில் கிரேன் அழகில் எல்லாவற்றையும் மிஞ்சும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். செங்குத்துப் பாறை, இளஞ்சிவப்புச் சாயல் மணல், நெஞ்சளவு எழும் அலை. ஆனால் அந்த அலையில் மகளைத் தனியாக விட எனக்குத் துணிவில்லை. கரைக்கு இறங்கும் படிகளும் அம்மாவுக்குச் சிரமமாக இருந்தன.

கார்லைலில் தண்ணீர் குளம் போலக் கிடக்கும். ஆழம் குறைவான இடத்திலேயே பழைய கப்பல்கள் மூழ்கிக் கிடக்கின்றன. 1919-ல் மூழ்கிய பெர்வின் என்ற பிரெஞ்சு இழுவைப் படகு முழுக்கப் பவளம் பற்றியிருக்கிறது. கண்ணாடி மாட்டி மேலே மிதந்தபடியே மகள் அதைப் பார்த்துவிட்டாள், ஆமையையும் பார்த்தாள். விரிகுடாவின் தெற்கு முனை பெப்பிள்ஸ் கடற்கரை. விடியும் நேரத்தில் அங்கே போங்கள். பக்கத்து கேரிசன் மைதானத்தின் பந்தயக் குதிரைகளைக் குளிப்பாட்டக் கடலுக்குக் கூட்டிவருவார்கள். கழுத்து மட்டும் வெளியே தெரிய அவை நீந்துவதை அம்மா ஒரு நாளும் தவறவிடவில்லை.

தலைநகர் பிரிட்ஜ்டவுன் நடக்கும் தூரம்தான். சைவமான அம்மாவுக்கு அங்கே உருளைக்கிழங்கு வைத்த ரொட்டி கிடைத்தது. சிற்றுந்துக் கட்டணம் ஆளுக்கு மூன்றரை பார்படோஸ் டாலர். டாக்ஸியில் மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். 2024 ஜூன் 29-ல் இந்தியா டி20 உலகக் கோப்பை வென்ற கென்சிங்டன் ஓவல் மைதானமும் இதே ஊரில்தான்.

கார்லைலின் குறை கூட்டம். சொகுசுக் கப்பல் வந்து நிற்கும் நாளில் பத்து மணிக்கு மேல் மணல் முழுக்க நாற்காலிகள், சத்தமான பாட்டு. நாங்கள் ஒன்பதரைக்கே கரையேறிவிட்டு மாலை நான்குக்கு மேல் திரும்பினோம்.

அப்புறம், பெட்டி கட்டும்போது ஒன்று: ராணுவ உடை போலத் திட்டுத்திட்டாக நிறம் போட்ட (கேமஃப்ளாஜ்) உடை அங்கே சட்டப்படி தடை, குழந்தைகளுக்கும்தான். மரத்தில் சிவப்புப் பட்டை பூசியிருந்தால் அது மான்சினீல், நச்சு மரம். மழைக்குக்கூட அடியில் ஒதுங்காதீர்கள், சொட்டும் நீர் பட்டாலே தோல் கொப்புளிக்கும்.

அடுத்த முறை ஜனவரியில் போகலாம், கிரேனில் இரண்டு இரவு வேண்டும் என்கிறாள் மனைவி. பாசி குறைவான மாதம் என்பதால் நானும் சரி சொல்லிவிட்டேன். மீதி ஐந்து இரவு பெப்பிள்ஸ் பக்கம், குதிரைகளுக்காக.