ஊட்டி மலை ரயில்: ஆவணப்படம் எடுப்பவர்களுக்கு

மேட்டுப்பாளையத்தில் கேமராவோடு ஏறுகிறீர்களா, முதல் பெட்டியில் இடம் கிடைக்கிறதா பாருங்கள், ஏனென்றால் குன்னூர் வரை நீராவி எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளுகிறது, முன்னால் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேனைத் தாண்டி தண்டவாளமும் காடும் அப்படியே விரியும். கல்லாறுக்கு அப்புறம் எஞ்சினின் பல்சக்கரம் நடுவிலுள்ள பல் வைத்த தண்டவாளத்தைக் கவ்வி ஏறுகிற சத்தம் இருக்கிறதே, அதைத் தனியாகப் பதிவு செய்யுங்கள், பின்னணி இசையே வேண்டாம்! 12 அடிக்கு 1 அடி ஏற்றம். குகைப்பாதைகள் 16, வெளிச்சம் சட்டென மாறும், எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை) கையால் வைப்பது நல்லது. ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும்போது இறங்கி எடுக்கலாம், குரங்குகள் ஜாக்கிரதை. 1899-இல் குன்னூர் வரை வந்த பாதை இது, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒரே குறை, உள்ளே உட்கார்ந்தால் எஞ்சின் படத்தில் எளிதில் விழாது. தொழில்முறைப் படப்பிடிப்பு என்றால் ரயில்வே அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.